சிப்புக்கு ஒரே கடை

எங்கள் கம்பெனியில் மொத்தம் ஐந்து பேர். தேனி அல்லிநகரத்தில் ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் உட்கார்ந்து, ஏலக்காய் தரம் பிரிக்கும் மெஷின் செய்கிறோம். காய் சரிவில் உருண்டு விழும்போது கேமரா படம் பிடிக்கும். பச்சைக் காயை விட்டுவிட்டு, மஞ்சளானதையும் வெடித்ததையும் காற்று ஊதித் தள்ளிவிடும். எதை ஊதுவது, எதை விடுவது என்று கண் மூடித் திறப்பதற்குள் முடிவு செய்வது உள்ளங்கை அளவுள்ள ஒரு போர்டு. அதில் இருக்கும் சிப்பை ஒரே ஒரு வெளிநாட்டுக் கம்பெனிதான் செய்கிறது. அதை எங்களுக்கு விற்பவரும் பெங்களூரில் ஒரே ஒருவர்தான். அந்தச் சிப்புக்குப் புரிகிற மாதிரி புரோகிராம் எழுதுவது என் வேலை.

இந்த வேலை எனக்கு லேசில் கிடைத்ததல்ல. கணவர் உத்தமபாளையத்தில் கல்லூரி ஆசிரியர். மகள் அவரோடு இருக்க, நான் மூன்று வருடம் பெங்களூரில் குப்பை கொட்டினேன். வாரக் கடைசியில் பஸ் பிடித்து வருவேன். சனிக்கிழமை முழுக்க மகள் என் மடியை விட்டு இறங்க மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். தேனியில் என் படிப்புக்கு இந்த ஒரு இடத்தை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது.

முதலாளி போடி பஜாரில் ஏலக்காய் வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். எல்லோருக்கும் அண்ணாச்சி. அந்தப் பஜாரில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கடையில் வாடிக்கை வைத்துவிட்டால் பக்கத்துக் கடையில் விலை கேட்பதுகூடத் தப்பு. காய் தட்டுப்பாடான வருடத்தில் அந்தக் கடைக்காரர் வாடிக்கைக்காரருக்கு முதலில் எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றவருக்கு மூட்டையை அவிழ்ப்பார். போடியில் இது பலிக்கத்தான் செய்கிறது, நானே பார்த்திருக்கிறேன். அண்ணாச்சி அதே வழக்கத்தைச் சிப்புக்கும் வைத்துக்கொண்டார்.

போன வருடம் மதுரையிலிருந்து ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்தார். அவரிடம் இருந்தது வேறு கம்பெனியின் போர்டு. விலை குறைவு, வேகமும் குறைவு. காசு எதுவும் வேண்டாம், வைத்துப் பாருங்கள் என்று டப்பாவை நீட்டினார். அண்ணாச்சி காபி வரவழைத்தார், வடை வாங்கிக் கொடுத்தார், டப்பாவைப் பிரிக்காமல் அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"தப்பா நெனைக்காதீக தம்பி. நாங்க ஒரு எடத்துல வாங்கிக்கிட்டு இருக்கோம்."

அத்தோடு விட்டிருக்கலாம். அவர் படியிறங்கியதும் அண்ணாச்சி பெங்களூருக்குப் போன் போட்டார்.

"ஒங்களுக்குப் போட்டியா ஒருத்தர் வந்தாக சார். வேணாம்னு அனுப்பி வச்சுட்டோம். ஒங்கள விட்டா எங்களுக்கு வேற யாரு இருக்கா?"

போடியில் இதற்கு விசுவாசம் என்று பெயர். பெங்களூரில் அது, இவர்களுக்கு வேறு வழியில்லை என்று நாமே போய் எழுதிக் கொடுத்த சீட்டு. எனக்கு அது அப்போதே தெரிந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. மரியாதை காரணமில்லை, சோம்பல்தான். சிப்பை மாற்றினால் புரோகிராமில் பாதியைத் திரும்ப எழுத வேண்டும். அண்ணாச்சியின் கொள்கைக்குப் பின்னால் நான் சௌகரியமாக ஒளிந்துகொண்டேன்.

இந்த வருடம் காய் பறிப்பு தொடங்குகிற நேரத்தில் பெங்களூரிலிருந்து மெயில் வந்தது. பெரிய கம்பெனிகள் அந்தச் சிப்பை மொத்தமாக அள்ளிக்கொண்டு போகிறார்களாம். அவர்களுக்குப் போக மிச்சம் இருந்தால்தான் எங்களுக்காம். எப்போது என்று சொல்ல முடியாதாம். மெஷின்கள் மூன்று, போர்டு இல்லாமல் மாடியில் நின்றன. அதில் முதலாவது உத்தமபாளையத்து பாய் ஒருவருக்குச் சேர வேண்டியது. அவருக்கு மலைமேல் ஏலத்தோட்டம். இந்தப் பறிப்புக்குள் கொடுக்காவிட்டால் மற்ற இரண்டு மெஷினைக் கேட்டிருந்தவர்களும் வேண்டாம் என்று கையை விரித்துவிடுவார்கள். அப்புறம் கம்பெனி என்று ஒன்று இருக்காது.

அண்ணாச்சி மெயிலைப் படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். "வருசா வருசம் கிறிஸ்மஸுக்கு எட்டு எம்எம் மொதத் தரக் காயாப் பாத்து ஒரு கிலோ அனுப்புறோமேம்மா. இப்பிடிச் செய்வாகளா?"

எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. "சிப்பு செய்யிறவுகளுக்குத் தேனி எங்கன இருக்குன்னே தெரியாது அண்ணாச்சி" என்றேன்.

அதே வாரம் என் பழைய பெங்களூர் ஆபீஸிலிருந்தும் கூப்பிட்டார்கள், திரும்பி வருகிறாயா என்று. கணவரிடம் மட்டும் சொன்னேன். அவர் மகளின் யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டார். இல்லை என்று பதில் எழுத எனக்குத் தைரியம் வரவில்லை.

வெட்கத்தை விட்டு அந்த மதுரைக்காரருக்குப் போன் செய்தேன். குத்திக் காட்டுவார் என்று நினைத்தேன். "அன்னைக்கு வடை நல்லா இருந்துச்சு மேடம்" என்றார் மனிதர். மூன்றாம் நாள் பார்சலில் போர்டு வந்து இறங்கியது.

அதன் பிறகு மூன்று வாரம் நான் வேறெதையும் பார்க்கவில்லை. பழைய சிப் ஒரு காயை எட்டுக் கோணத்தில் பார்த்து யோசிக்கும். புதியது இரண்டு கோணத்திலேயே மூச்சு வாங்கியது. தேவையில்லாததை எல்லாம் வெட்டி எறிந்தேன். வெட்ட வெட்டத்தான் தெரிந்தது, நான் எவ்வளவு குப்பையை அந்தப் பெரிய சிப்பின் தயவில் சேர்த்து வைத்திருந்தேன் என்று. கடைசியில் புதிய போர்டு பிழை இல்லாமல் பிரித்தது. ஆனால் ஒப்புக்கொண்ட வேகத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

மெஷினை மினி லாரியில் ஏற்றி உத்தமபாளையம் கொண்டுபோனோம். பாய் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு மூட்டை முடியும்வரை பார்த்தார்.

"என்னம்மா, மெதுவா ஓடுதே?"

பொய் சொல்ல நாக்கு எழவில்லை. "ஆமா பாய். சொன்ன சிப்பு கெடைக்கல. இது அதவிடச் சின்னது. வேகம் இவ்வளவுதான் வரும்."

அவர் பிரித்த காயை ஒரு கை அள்ளி வெளிச்சத்தில் பார்த்தார். ஒரு மஞ்சள்காய்கூட இல்லை. "எங்க ஸ்டோர்ல ஒரு நாளைக்கு உலர்ற காயே நாலஞ்சு மூட்டதான். அத இது சாயந்தரத்துக்குள்ள முடிச்சிரும். நீங்க சொன்ன வேகத்துல ஓடுனா மத்தியானத்துக்கு மேல மெஷின நான் என்ன செய்ய, கொஞ்சவா?" என்றார்.

வெளியே வந்ததும் எனக்கு அழுகை வருகிற அளவுக்குச் சந்தோஷம்.

ஆபீஸுக்குத் திரும்பும் வழியில் சின்னமனூரில் டீ குடிக்க நிறுத்தினோம். மேகமலைப் பக்கம் மழை இறங்கிக்கொண்டிருந்தது. அங்கே வைத்துத்தான் அண்ணாச்சியிடம் ஒப்புக்கொண்டேன், போன வருடம் நான் வாயை மூடியிருந்தது சோம்பலில் என்று.

"தெரியும்மா. அந்தத் தம்பி டப்பாவ நீட்டுனப்ப நீ கையக் கட்டிக்கிட்டுல்ல நின்ன" என்றார். டீயை ஊதிக்கொண்டே கேட்டார். "பெங்களூர்ல ஒன்னயக் கூப்பிட்டாகளாமே? வீட்டுக்காரர் சொன்னாக."

"போகல அண்ணாச்சி. இனிமேப் போக மாட்டேன்."

"மூணு வாரமா நீ போயிருவியோன்னுதான் இருந்துச்சு தாயி. சிப்புக்காச்சும் இன்னொரு எடம் கெடச்சிருச்சு. நீ எழுதுறதுல ஒரு வரி எங்க நாலு பேருக்கும் புரியாது. நீ போயிட்டா மாடியப் பூட்ட வேண்டியதுதான்."

கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த வாய் டீ இறங்குவதற்குள் பயமாகிவிட்டது. சிப்பு இல்லை என்று எழுதிய அந்தப் பெங்களூர்க்காரரைப் போல, ஒரே மெயிலில் இவரைக் கைவிடும் இடத்தில் நானும்தான் இருந்திருக்கிறேன்.

"அப்ப ஏன் அண்ணாச்சி இன்னொரு ஆள எடுக்கல? நாலு வருசம் ஆச்சே."

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். "நீ இருக்கும்போது வேற ஆளத் தேடுனா ஒனக்கு மனசு சங்கடப்படாதா?"

சங்கடமெல்லாம் படமாட்டேன், நாளைக்கே ஆள் பாருங்கள், நானே கற்றுத் தருகிறேன் என்றேன். உண்மையில் கொஞ்சம் பட்டேன். அல்லிநகரம் வரும்வரை பட்டுக்கொண்டே வந்தேன்.