ஆறு நாள் நடைக்கு என்ன வேண்டுதல்?

மொராக்கோவில் பெர்பர் பழங்குடிகளின் மலைக் கிராமங்கள் வழியாக, ஒரு வழிகாட்டியின் பின்னால் ஆறு நாள் நடந்துவிட்டு முந்தாநாள்தான் ஊர் திரும்பினேன்.

இன்று விருதுநகரிலிருந்து சிவகாசி பஸ். எந்தச் சீட்டும் ஒத்துவரவில்லை. கடைசியில் எங்கள் தெரு மாரியப்பன் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தேன். பட்டாசுக் கம்பெனியில் போர்மேன்.

"என்ன தம்பி, காலெல்லாம் கொப்புளமாக் கெடக்கு?"

"ஆறு நாளு மலையில நடந்தேண்ணே. மூட்டைய கோவேறு கழுதை சுமந்துச்சு. வழியில கிராமத்து வீடுகள்ல தங்கினோம்."

அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டுத் திருநீற்றுக்குக் கையை நீட்டினார்.

"துன்னூறு குடுங்க."

எங்கள் பக்கம் நாள்கணக்கில் நடந்தால் அது கோயிலுக்குத்தான். இது அப்படியில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவர் நம்பவில்லை.

"சாமி இல்லாம ஆறு நாளு எவன் நடப்பான்? என்ன வேண்டுதல்னு சொல்லுங்க. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

கொஞ்சம் யோசித்தேன்.

"ஒரு எடத்துல நிம்மதியா உக்காரணும். அம்புட்டுத்தாண்ணே."

அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பலிக்கலையே தம்பி. ஆமத்தூர் வாரதுக்குள்ள மூணு சீட்டு மாறிட்டீக."

திருத்தங்கலிலேயே இறங்கி மிச்ச தூரத்தை நடந்தேன்.

இந்த நடை எந்தச் சாமிக்கு என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.