சித்தப்பாவின் டேப்பெட் சத்தம்

எங்கள் சித்தப்பா தாம்பரம் பக்கத்து அஸ்தினாபுரத்துக்குள் நுழைந்துவிட்டார் என்பதைத் தெரிந்துகொள்ள யாரும் வாசலுக்குப் போய் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. அவருடைய நூறு சிசி பைக்கின் இஞ்சினிலிருந்து தையல் மிஷின் ஓடுவதுபோல டிக் டிக் டிக்கென்று ஒரு சத்தம் வரும். தெருமுனையில் அது கேட்டதும் அம்மா தோசைக்கல்லை ஏற்றுவாள். அவர் ஷூவைக் கழற்றி முடிப்பதற்குள் முதல் தோசை தட்டில் விழுந்திருக்கும்.

நான் அப்போது நான்காம் வகுப்பு. அடுத்த தெருவில் பி.எட். படித்துக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் டியூஷன். கணக்கு என்று உட்கார்ந்தால் அக்கா லேசில் விடமாட்டார். ஆனால் சாயங்காலம் அந்த டிக் டிக் கேட்டுவிட்டால், வகுத்தல் பாதியில் நின்றாலும் சரி, "போதும்டி, மூடு" என்று உள்ளே ஓடிவிடுவார். முகம் கழுவி, பவுடர் போட்டு, பொட்டைச் சரிசெய்துகொண்டு என்னைக் கேட் வரை கொண்டுவந்து விடுவார். நாவலூரில் வேலை முடித்து வரும் சித்தப்பா என்னைக் கூட்டிப்போக அங்கே நிற்பார். இருவரும் என் படிப்பைப் பற்றித்தான் பேசுவார்கள். பேசிக்கொண்டே இருப்பார்கள். என்மேல் இத்தனை அக்கறையா என்று எனக்கு ஒரே பெருமை.

அப்பாவுக்கு மட்டும் அந்தச் சத்தம் ஆகவே ஆகாது. "தெருவே திரும்பிப் பாக்குதுடா. ஞாயித்துக்கிழமைக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா வண்டியக் குடுத்துட்டு வேற எடு" என்று ஒருநாள் கறாராகச் சொல்லிவிட்டார். முதல் சம்பளத்தில் வாங்கிய வண்டி அது. சித்தப்பாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

என்னையும் ஏற்றிக்கொண்டு தாம்பரத்தில் ஒரு மெக்கானிக்கிடம் போனார். அவர் இஞ்சின் பக்கத்தில் காதை வைத்துவிட்டு, "டேப்பெட் லூசாய்க்கீது சார். வுட்டுட்டுப் போ, பாக்கறேன்" என்றார். வண்டியை ஒருநாள்கூடப் பிரிய மனசில்லாமல் சித்தப்பா தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, அளவு பார்க்கும் மெல்லிய இரும்புத் தகடுகளை இரவல் கேட்டார். "எட்துனு போ. ஆனா இஞ்சின் சில்லுனு இருக்கசொல்லதான் கைய வைக்கணும். சூட்டுல வெச்சின்னா அளவு தப்பாப் பூடும்" என்று அவர் எச்சரித்தார்.

ஞாயிறு காலை சித்தப்பா குளித்து, நெற்றியில் விபூதி வைத்துக்கொண்டு வந்து பார்த்தால் வண்டியைக் காணோம். அப்பா அதில் கறி வாங்கப் போயிருந்தார். இஞ்சின் கொதிக்கக் கொதிக்கத்தான் திரும்பி வந்தது. சித்தப்பா ஹாலிலிருந்த டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து வண்டிக்குக் காற்று வைத்தார். வியர்வை வழிய வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா, "எனக்கு இப்படி ஒருநாள் யாராவது வெச்சீங்களா?" என்று கேட்டாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு இஞ்சின் தலையிலிருந்த இரண்டு மூடிகளைத் திறந்தார். உள்ளே வால்வை அமுக்க ஒரு குட்டிக் கை இருக்கிறது. அந்தக் கைக்கும் வால்வுக்கும் நடுவே தகடு உரசிக்கொண்டு நுழையும் அளவுக்குத்தான் இடைவெளி இருக்க வேண்டும், கூடினால் தட்டும். மொபைலில் வீடியோவைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் விளம்பரம் வந்தால் தள்ளிவிடுவதும் என் வேலை. டேப்பெட்டின் அந்த இடைவெளியைக் கூட்டிக் குறைக்க ஒரு ஸ்க்ரூ, அது நகராமல் பிடிக்க ஒரு நட்டு; நட்டை இறுக்கும்போதெல்லாம் ஸ்க்ரூவும் கூடவே திரும்பித் தொலைத்தது. எத்தனை தடவை செய்தாரோ, கடைசியில் கிக்கரை ஒரு உதை உதைத்தார். வண்டி பூனை மாதிரி சத்தமில்லாமல் ஓடியது. அப்பாவே "பரவால்லடா" என்றார். நாங்கள் இருவரும் கிரீஸ் கையோடு குதித்தோம்.

மறுநாள் டியூஷனில் அக்கா தலை நிறைய எண்ணெய் வைத்து, சாயம் போன நைட்டியில், என் காதைத் திருகிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தால் வாசலில் ஹெல்மெட்டும் கையுமாகச் சித்தப்பா. "ஐயோ!" என்று உள்ளே போன அக்கா வெளியே வரவே இல்லை. சித்தப்பா அந்தக் கதவையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வண்டியை எடுத்தார். வீட்டில் தோசைக்கல்லும் ஏறியிருக்கவில்லை.

அதற்கு அடுத்த நாள் அக்கா, "நல்லாத்தானே இருந்துச்சு அந்த சத்தம்? அதைப் போய் யாரு நோண்டச் சொன்னா?" என்று என்னிடம் எரிந்து விழுந்தார். சத்தம் வராததால் கணக்கும் முடியவில்லை. திரும்பும்போது நான் அழுதேவிட்டேன்.

"சித்தப்பா, அந்த சத்தத்தைத் திரும்ப வெச்சுடுங்க. அது இல்லாம அக்கா என்னை விடவே மாட்டேங்கறாங்க. அவங்களும் அதான் நல்லா இருந்துச்சுன்னாங்க."

சித்தப்பா வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். "அக்காவா சொன்னாங்க? நல்லா இருந்துச்சுன்னா? வேற என்ன சொன்னாங்க?" என்று துருவித் துருவிக் கேட்டார்.

மறுநாள் காலையில், இஞ்சின் சில்லென்று இருக்கும்போதே, ஒரு மூடியைத் திறந்து ஸ்க்ரூவைக் கொஞ்சமே கொஞ்சம் தளர்த்தினார். டிக் டிக் திரும்பி வந்தது. அப்பா கேட்டதற்கு, "லோக்கல் நட்டுண்ணா, நிக்க மாட்டேங்குது" என்றார். அப்பா தலையில் அடித்துக்கொண்டு, எப்படியோ போ என்று விட்டுவிட்டார். அன்று சாயங்காலம் எனக்கு வகுத்தல் பாதியிலேயே விடுதலை. அக்கா புதுப் பொட்டோடு கேட்டுக்கு வந்தார்.

அடுத்த வருஷம் அந்த அக்காவே எனக்குச் சித்தியானார். கல்யாண மேடையில் எல்லோரும் போட்டோவுக்கு நின்றபோது, சித்தப்பா எவ்வளவு நல்லவர் என்று பெண்வீட்டாருக்குத் தெரியட்டுமே என்று, அவர் என் டியூஷனுக்காக நன்றாக இருந்த டேப்பெட்டைத் தானே லூசாக்கிய கதையை உரக்கச் சொன்னேன். அப்பா மெதுவாகத் திரும்பி, "லோக்கல் நட்டாடா?" என்றார். மேடையே சிரித்தது. சித்தி மாலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு மனிதர் எனக்காகத் தன் வண்டியையே கெடுத்துக்கொண்டிருக்கிறார், இதில் இவர்களுக்கு என்ன சிரிப்பு?