கல்யாண நாளில் அழுந்தாத பொத்தான்

எழுபதுகளின் கடைசியில் என் கேமராவுக்கு ஒரு நோய் வந்தது. கல்யாண வீட்டுக்குப் போனால் மட்டும் படுத்துக்கொள்ளும். பொத்தான் பாதி இறங்கி நின்றுவிடும். விரலை எடுத்தாலும் மேலே வராது. பிறகு என்னைக் கேட்காமலே அதுவாகச் சரியாகிவிடும். அதற்குள் மணமக்கள் பந்திக்குப் போயிருப்பார்கள்.

அப்போது மலேசியாவில், ஈப்போ நகரின் ஓர் அரசாங்கப் பணிமனையில் மேற்பார்வையாளனாக இருந்தேன். பழுதைக் கண்டுபிடிக்கும் முறையைப் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. முதலில் பழுதைத் திரும்ப வரவழைக்க வேண்டும். பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். என் கேமரா முதல் விதிக்கே மசியவில்லை. வீட்டு மேசையில் எத்தனை முறை அழுத்தினாலும் சமர்த்தாக நடந்துகொண்டது.

இந்த நிலையில் தங்கைக்குக் கல்யாணம் வந்தது. கோப்பெங் பக்கத்தில், நாங்கள் பிறந்த ரப்பர் தோட்டத்துக் கோயிலில். ஸ்டூடியோவில் சொல்லிவைக்கலாம் என்றார் அப்பா. நான் இருக்கும்போது எதற்கு என்று கேட்டவன் நான்தான். தங்கை ஒன்றே ஒன்று கேட்டாள்.

“மத்த படம் எப்படி வந்தாலும் பரவால்லண்ணே. தாலி கட்டுறத மட்டும் விட்றாதீங்க. ஒங்க கல்யாணத்துல மாமா லென்ஸ் மூடியக் கழட்டாம எடுத்தாரே, அந்த மாதிரி ஆயிடப் போவுது.”

கேமராவை ஈப்போவில் ஒரு சீனர் கடைக்குக் கொண்டு போனேன். அவர் காதருகே வைத்துப் பல முறை அழுத்திக் கேட்டுவிட்டுத் திருப்பித் தந்தார்.

“கேமராவுக்கு சாக்கிட், சீக்கு ஒண்ணும் இல்ல லா. நீங்க வேணும்னா தஞ்சோங் ரம்புத்தான் போய்ப் பாருங்க அண்ணே.”

பைத்தியக்கார ஆஸ்பத்திரி இருக்கும் ஊர் அது. அந்த வாரம் நான் இருந்த இருப்புக்கு அவர் சொன்னது அதிகமில்லை. ஃபிலிமை மாற்றினேன். லென்ஸை மாற்றினேன். வெயிலில் வைத்தேன், ஈரக் குளியலறையில் வைத்தேன். குலுக்கல்தான் காரணமோ என்று மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு கோப்பெங் வரை போய்த் திரும்பினேன். எல்லாவற்றுக்கும் பிறகு அழுத்தினால், டிக். சாப்பிடும்போதும் இடது கையில் கேமரா இருந்தது.

“சோத்தத் தின்னுட்டு அத நோண்டுங்க,” என்றாள் மனைவி. “கைப்பிள்ளகூட இப்படிப் பொம்மைய வச்சிக்கிட்டு இருக்காது லா.”

கல்யாணத்தன்று காலை, ஒவ்வொரு கல்யாணத்துக்கும் செய்வதுபோல், அவள் கேமராவைச் சாமி விளக்கின் முன் வைத்து மேல்பக்கம் சந்தனமும் குங்குமமும் இட்டுக் கொடுத்தாள். எங்கள் வீட்டில் தையல் மெஷினும் மோட்டார் சைக்கிளும் அப்படித்தான் வேலைக்கு இறங்கும். நானும் வழக்கம்போல் அவள் பார்வையிலிருந்து மறைந்ததும் கைக்குட்டையை எடுத்து அழுத்தித் துடைத்தேன். கருவியைச் சுத்தமாக வைத்திருப்பது முறை.

கோயிலில் முதல் சில படங்கள் ஒழுங்காக விழுந்தன. கெட்டிமேளம் ஏறியது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். அழுத்தினேன். பாதியில் நின்றது.

“அமுத்துங்க மச்சான்,” என்றான் பக்கத்தில் நின்ற என் மனைவியின் தம்பி.

“அமுத்திக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“கேக்கலயே.”

தங்கை தலை குனியாமல் என்னையே பார்த்தாள். அரிசியும் பூவும் என் தலைமேல் விழுந்துகொண்டிருந்தன. இத்தனை வருடம் நான் கற்பித்த எந்த முறையிலும் இல்லாத காரியத்தைச் செய்தேன்: பொத்தானைச் சுற்றி நகத்தால் பிறாண்டினேன். பொத்தான் துள்ளி மேலே வந்தது. அழுத்தினேன். டிக்.

பந்தியில் இலை போட்ட பிறகுதான் நகத்தைப் பார்த்தேன். மஞ்சளாக ஏதோ. முகர்ந்தேன், சந்தனம். துடைக்கும்போதெல்லாம் ஈரச் சந்தனத்தைப் பொத்தானின் இடுக்கில் திணித்திருக்கிறேன். அரைகுறையாகக் காய்ந்ததும் பசையாகப் பிடிக்கும். முழுக்கக் காய்ந்ததும் பொடியாக உதிர்ந்துவிடும். வீட்டு மேசைக்கும் கடைக்கும் அது சந்தனமில்லாமல்தான் போயிருக்கிறது. எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்த நான் அதை ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை.

திரும்பும் வழியில் மனைவியிடம் சொன்னேன்.

“நான் வச்சது மேல,” என்றாள். “உள்ள தள்ளுனது யாரு?”

அதற்குப் பின் சந்தனப் பொட்டு கேமராவை விட்டு அதன் தோல் பைக்கு மாறியது. கேமரா மறுபடி படுக்கவில்லை.

படத்தைக் கழுவிப் பார்த்தோம். முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவது. மற்றவை அவர் அக்கா போடுவது. என் படத்தில் மாப்பிள்ளையின் வேலை முடிந்து, அவர் அடுத்து என்ன என்று ஐயரைப் பார்க்கிறார். பின்னால் அவர் அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டு மும்முரமாகக் கயிற்றை முடிகிறார். தங்கை மட்டும் நேராக என்னைப் பார்க்கிறாள், எடுத்தேனா இல்லையா என்று.

அதையே பெரிதாக்கி வீட்டுக் கூடத்தில் மாட்டினாள். யாராவது உற்றுப் பார்த்தால் அவளே முந்திக்கொள்வாள்.

“எனக்குத் தாலி கட்டுனது எங்க நாத்தனாருதான் லா. எங்கண்ணன் சாட்சி.”