இளையவரை முதலில் கேட்டவர்

கப்டன் பிலேந்திரன் காலமான செய்தி வந்தபோது நான் பள்ளிவாசல்துறையில் மீன் விலை பேசிக்கொண்டிருந்தேன். லீவில் புத்தளத்துக்கு உம்மாவைப் பார்க்க வந்தால் மீன் வாங்க அங்கே போவது வழக்கம். தொலைபேசியில் அவருடைய மனைவி தெரேசா அக்கா. "ரிஸ்வான், அவர் போயிட்டார். காலையில எழும்பவே இல்ல," என்றார். என் முகத்தைப் பார்த்த மீன்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டு யார் என்று கேட்டார். சொன்னேன். "பிளேன் ஓட்டின கற்பிட்டிக் கப்டனா? நல்ல மனிசன். விலையில மட்டும் விட்டுத்தரமாட்டார்," என்றார். அன்று மீன் வாங்காமலே திரும்பினேன்.

அவரை அறிந்து இந்த நினைவுக் குறிப்பை வாசிக்கும் உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. அவர் கற்பிட்டியில் கடலுக்குப் போகும் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. நான், தொண்ணூறில் முஸ்லிம்களை வடக்கிலிருந்து வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு புத்தளம் வந்த குடும்பத்துப் பிள்ளை. ஒரே விமான சேவையில் இந்தக் கரையிலிருந்து வந்த விமானிகள் அப்போது நாங்கள் இரண்டு பேர்தான். பல வருடங்கள் அவர் இடப்பக்க ஆசனத்திலும் நான் துணை விமானியாக வலப்பக்கத்திலும் இருந்தோம். வேலைக் கதை ஆங்கிலத்தில் நடக்கும். மற்றதெல்லாம் தமிழில். எங்களுக்குள் என்ன இரகசியம் என்று பணிப்பெண்கள் கேட்பார்கள். பெரும்பாலும் இறால் கதையாகத்தான் இருக்கும்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்த முடிவென்றாலும் தன் எண்ணத்தைச் சொல்லுமுன் இளையவரைக் கேட்பார். வழியில் மேகம் திரண்டு நின்றால், "மச்சான், நீ சொல்லு, இடமா வலமா?" என்பார். கேட்டுவிட்டு வாயைத் திறக்கமாட்டார், முகத்திலும் ஒன்றும் காட்டமாட்டார். ஒருமுறை களைப்பில் எரிந்து விழுந்தேன். "உங்களுக்குத்தான் தெரியுமே. சொல்லுங்களேன்," என்றேன். அவர் சிரித்தார். "நான் சொன்னாப் பிறகு நீ சொல்றது உன்ட கதை இல்ல. என்ட கதையத்தான் திருப்பிச் சொல்லுவாய்," என்றார்.

இந்தப் பழக்கத்தை விமானத்திலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தால் எல்லாருக்கும் நிம்மதி. வெளிநாட்டில் தங்கும்போது எங்கே சாப்பிடுவது என்று புதிதாகச் சேர்ந்த பணிப்பெண்ணைக் கேட்பார். நாங்கள் சோற்றுக்கு ஏங்கிக்கொண்டே மூன்று வேளையும் நூடில்ஸ் தின்போம். கற்பிட்டி வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும்போது கடைசி மகளைக் கேட்டார். அவளுக்கு அப்போது ஆறு வயது. வீடு இன்றைக்கும் கிளிப்பச்சை நிறத்தில் நிற்கிறது. தெரேசா அக்கா அதற்காக அவரை மன்னித்ததாக எனக்குத் தெரியவில்லை.

பிறகு கொரோனாக் காலம் வந்தது. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் எங்கள் விமானங்கள் இயந்திர வாய்கள் மூடிக் கட்டப்பட்டு வரிசையாக நின்றன. போர் முடிந்து பயணிகள் பெருகிய நாட்களில் வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளுக்கு, விமானம் நிற்பதைப் பார்ப்பதே புதிது. கொம்பனி எங்களுக்கு மூன்று வழிகள் காட்டியது. சம்பளமில்லாத நீண்ட லீவு எடுக்கலாம். பாதிச் சம்பளத்துக்குப் பாதி மாதம் பறக்கலாம். அல்லது ஒரேயடியாக விலகலாம். போதிய பேர் தாமாக நீண்ட லீவு எடுக்காவிட்டால், சேவை மூப்பில் கடைசியில் இருப்பவர்கள் வீட்டுக்கு அனுப்பப்படுவார்கள். அவர்களைத் திரும்பக் கூப்பிடுவோம் என்ற உறுதி எதுவும் இல்லை.

ஊரடங்கு தளர்ந்த ஒரு நாள், சிலாபத்துக்குப் பக்கத்தில் ஒரு நண்பரின் தென்னந்தோட்டத்தில் விமானிகள் நாங்கள் கூடினோம். கதிரைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டு, வாயை மூடிக் கட்டிக்கொண்டு இருந்தோம். எங்களில் மூத்தவர் பிலேந்திரன். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அவர் என்ன சொல்கிறாரோ அதுவே முடிவு என்ற நினைப்பில்தான் முக்கால்வாசிப் பேர் வந்திருந்தார்கள். அவர் எழுந்து, கூட்டத்தின் கடைசிக்குத் திரும்பினார். அங்கே முன்னேஸ்வரத்துப் பெண் கௌசல்யா இருந்தாள். துணை விமானியாகச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. "நீங்க சொல்லுங்க பிள்ளை," என்றார்.

அவள் எழுந்தாள். பேச்சு நடுங்கவில்லை. "எங்களை இப்ப அனுப்பினா, எங்கட கொஞ்ச மணித்தியாலப் பறப்பை வச்சிக்கொண்டு வேற எவரும் வேலை தரமாட்டாங்க. படிச்ச கடன் அப்படியே நிக்குது. ஓய்வுக்குக் கிட்ட இருக்கிற சேர்மார் நீண்ட லீவு எடுத்தா நாங்க எல்லாரும் தப்புவம்," என்றாள். அதையே சிங்களத்திலும் சொல்லிவிட்டு இருந்துவிட்டாள். மூத்தவர்கள் தங்கள் சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிலேந்திரன், "அப்ப முதல் என்ட பேரைப் போடுங்க," என்றார். அவருக்குப் பின்னால் இன்னும் பல பெயர்கள் வந்தன. கடைசியில் யாரும் வீட்டுக்கு அனுப்பப்படவில்லை.

திரும்பும்போது அவரை என் காரில் ஏற்றிக்கொண்டேன். பாலாவி தாண்டியதும், "மச்சான், நான் வேற கதை சொல்லத்தான் வந்தனான்," என்றார். மூப்புப் பட்டியல்படியே போகட்டும், அதுதான் எல்லா நாட்டிலும் உள்ள முறை என்று சொல்ல நினைத்திருந்தாராம். "இன்னும் ரெண்டு வருசம் பறக்கோணும் எண்டு ஆசையா இருந்திச்சு."

எனக்குக் கோபம் பொங்கியது. ஒரு வருடம் பறக்காமல் இருந்தால் அவருக்கு மறுபடியும் பயிற்சியும் மருத்துவச் சோதனையும் வேண்டும். ஓய்வுக்கு அருகில் நிற்பவருக்கு அதெல்லாம் நடக்கிற காரியமா? "அப்ப முதல்லயே சொல்லியிருக்கலாம்தானே? ஆர் உங்கட வாயைப் பிடிச்சது?" என்றேன். "முதல் சொல்லியிருந்தா அவள்ட கதை வந்திருக்காது. கேட்டாப் பிறகு, அது சரி எண்டும் விளங்கிற்று. விளங்கினதுக்குப் பிறகு என்ன செய்யிற?" என்றார். சற்றுக் கழித்து, "அந்தப் பிள்ளைக்கு இதைச் சொல்லிராத," என்றார்.

நான் பயந்ததுதான் நடந்தது. விமானங்கள் மறுபடி எழும்பியபோது டொக்டர் அவருடைய இதயத்தைச் சோதித்துவிட்டு, இனிப் பறக்கக்கூடாது என்று தலையாட்டினார். கடைசிப் பறப்பு என்று தெரிந்து பறக்கும் வாய்ப்பு, ஓய்வு பெறும் விமானியின் விமானத்தைத் தண்ணீர் பீச்சி வரவேற்கும் சடங்கு, ஒன்றும் அவருக்குக் கிடைக்கவில்லை. கிளிப்பச்சை வீட்டு முற்றத்தில் கதிரை போட்டு இருந்து, வடக்கிலிருந்து வரும் விமானங்களைப் பார்ப்பார். நான் இறங்கி வீடு போய்ச் சேருமுன் அவருடைய அழைப்பு வரும். "இண்டைக்குக் கொஞ்சம் உயரமா வந்தீங்க போல?" என்பார். சிரித்துக்கொண்டுதான் கேட்பார். வானத்தை அவர் எவ்வளவு விரும்பினார் என்பது எனக்கு அந்தச் சிரிப்பில்தான் முழுவதும் தெரிந்தது.

அடக்கம் முடிந்து எல்லாரும் அந்த வீட்டுக்கு வந்தோம். கௌசல்யா கோப்பிக் கோப்பையோடு என் பக்கத்தில் வந்து நின்றாள். "சேர், அவர் விருப்பத்தோடதானே லீவு எடுத்தவர்? கடலோட இருக்க ஆசை எண்டு எனக்குச் சொன்னவர்," என்றாள். ஓம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவர் கேட்டுக்கொண்டதை மீறி எல்லாவற்றையும் சொன்னேன். அவருடைய முடிவு எவ்வளவு பெரியது என்று அவள் ஒருத்திக்காவது தெரிந்திருக்கவேண்டும் என்று எனக்குப் பட்டது.

அவள் அந்தப் பச்சைச் சுவர்ப்பக்கம் திரும்பினாள். கண் நிறைந்துவிட்டது. "நானும் அண்டைக்கு வேற மாதிரித்தான் வந்தனான் சேர்," என்றாள். "வேலை போயிரும் எண்டு அம்மாவுக்குச் சொல்லிட்டுத்தான் வந்தன். அவர் முதல் எழும்பிப் பட்டியல்படி போவம் எண்டு சொல்லியிருந்தா, ஓம் சேர் எண்டு சொல்லிட்டுப் பேசாம வீட்ட போயிருப்பன். என்னை அவர் கேட்டபடியால்தான் அந்தக் கதை எனக்கே வந்திச்சு."

போன கிழமை சென்னையிலிருந்து கௌசல்யாவும் நானும் சேர்ந்து பறந்து வந்தோம், இப்போது கப்டன் ஆசனத்தில் நான். கற்பிட்டிக்கு மேலே வரும்போது கீழே பார்த்தேன். அந்த உயரத்தில் எந்த வீடும் தெரியாது, நிறமும் தெரியாது. ஆனாலும் பார்த்தேன். கட்டுநாயக்காவில் கடும் மழை என்று தகவல் வந்தது. மழைக்கு முன் இறங்கிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. அதைச் சொல்லாமல் முகத்தையும் சும்மா வைத்துக்கொண்டு, "நீங்க சொல்லுங்க பிள்ளை," என்றேன். அவரிடமிருந்து நான் எடுத்துவைத்திருப்பது இவ்வளவுதான்.

"காத்திருப்பம் சேர்," என்றாள்.

கடலுக்கு மேலே சுற்றிக் காத்திருந்தோம்.