தம்பி மனைவி சமைத்த மத்தியானம்

கப்பலில் சமையல் வேலைக்குப் போன என் தம்பி, கிரெனடா என்ற கரீபியன் தீவில் ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். ஒரு வருஷமாக அது எனக்கு மட்டும்தான் தெரியும். அவர்கள் கேரள எல்லையில் இருக்கும் எங்கள் ஊர் பாறசாலைக்கு வருவதற்கு நான்கு நாள் முன்பு அம்மாவிடம் சொன்னேன். அன்றோடு அம்மா என்னிடம் பேசுவதை நிறுத்தினாள். வந்திறங்கிய மருமகளிடமும் பேசவில்லை. சர்ச்சுக்குப் போவாள், வருவாள், அறைக்கதவைச் சாத்திக்கொள்வாள்.

மூன்றாம் நாள் தம்பி மனைவி, மத்தியானச் சாப்பாட்டைத் தானே சமைப்பதாகச் சொன்னாள். நான் வேலைக்கு லீவு போட்டேன். வீட்டில் இருந்தும் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. அம்மா சாப்பிடாமல் எழுந்து போய்விட்டால்?

தம்பி மனைவி எதற்கும் அலையவில்லை. சீமைச்சக்கை, அதாவது கறிப்பலா, முற்றத்து மரத்திலேயே காய்த்துக் கிடந்தது. பக்கத்து ஊர் அமரவிளைக் கடையில் கருவாடு வாங்கினோம். தேங்காய், மஞ்சள், காந்தாரி மிளகாய் வீட்டில் உண்டு. "எங்க ஊர்லயும் இதேதான்" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தாள். எல்லாவற்றையும் ஒரே பானையில் அடுக்கி, தேங்காய்ப்பால் வற்றி எண்ணெய் தெளியும்வரை வேகவிட வேண்டுமாம். மேலே மூட சேப்பங்கிழங்கின் இலையான சேம்பிலை வேண்டும் என்று வீட்டுக்குப் பின்னால் இருக்கும் விளைத் தோட்டத்துக்குப் போய் ஒரு கட்டு பறித்து வந்தாள்.

அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தேகம். சொல்லலாமா, வேண்டாமா என்று நான் தடுமாறும்போதே அறைக்கதவு திறந்தது.

"எலே, அவ என்னத்தப் பறிச்சிட்டு வந்திருக்கா?" என்று அம்மா தம்பியிடம் கத்தினாள். "அது காட்டுச்சேம்பாக்கும். தொண்ட சொறிஞ்சு சாவணுமா எல்லாரும்?"

இலைகளைப் பிடுங்கி வெளியே எறிந்துவிட்டு, மருமகளின் மணிக்கட்டைப் பிடித்து விளைக்கு இழுத்துக்கொண்டு போனாள். நான் ஜன்னலில் நின்றேன். அம்மா நல்ல சேம்பும் காட்டுச்சேம்புமாக இரண்டு தண்டுகளைத் தூக்கிக் காட்டி, சத்தமாகச் சொன்னால் புரியும் என்பதுபோல மலையாளத்தில் விளக்கிக்கொண்டிருந்தாள். "சேம்பு, சேம்பு" என்று அவளும் திருப்பிச் சொன்னாள். நான் தீயைக் குறைத்தேன், கூட்டினேன், மறுபடியும் குறைத்தேன்.

சாப்பிட உட்கார்ந்தபோது என் தட்டில் எதுவும் போட்டுக்கொள்ளாமல் அம்மாவையே பார்த்தேன். அம்மா சீமைச்சக்கைத் துண்டு ஒன்றை மெல்ல மென்றாள்.

"தேங்காப்பால் இன்னும் கொஞ்சம் விடலாம். கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு."

மருமகளின் தட்டில் ஒரு கருவாட்டுத் துண்டை வைத்தாள். "தின்னு மக்கா."

நான் தைரியம் வந்து, "அம்மா, எனக்கு?" என்றேன்.

என் முகத்தைப் பார்க்காமல் பானையை என் பக்கம் தள்ளினாள். "ஒரு வருஷம் மறைச்சு வைக்கத் தெரிஞ்சவளுக்கு சொந்தமா எடுத்து விளம்பத் தெரியாதாக்கும்?"

ஒரு வாரத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. எடுத்துப் போட்டுக்கொண்டேன். சாயங்காலம் அம்மாவும் மருமகளும் மறுபடி விளைக்குப் போனார்கள். என்னைக் கூப்பிடவில்லை.