ஒரு கானுக்கு இரண்டு சொந்தக்காரர்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பெரும்போக அறுவடை முடிந்து வெயில் ஏறத் தொடங்கிய பங்குனி மாதம். படுவான்கரையிலிருந்து தோணியில் மட்டக்களப்பு வாவியைக் கடந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரை அப்போது போராளி இயக்கத்தின் பிடியில். கிழக்கே எங்கள் பக்கம் அரசாங்க ஆமியின் பிடியில். தண்ணீரைக் கடக்க அதிக நேரம் எடுக்காது. இறங்கிய பிறகு கரையில் இருக்கும் சோதனைச் சாவடியைக் கடப்பதற்குத்தான் பாதி நாள் போய்விடும்.

நான் மோட்டார் மெக்கானிக். புளியந்தீவில் ஒரு கராஜில் வேலை. எனக்கு அப்போதே ஒரு பைத்தியம் இருந்தது, இன்னும் தெளியவில்லை. பழைய இராணுவ எண்ணெய்க் கான்கள் எங்கே கண்டாலும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன். இரண்டாம் உலகப் போரின்போது இங்கே வந்து நின்ற வெள்ளைக்காரப் படை விட்டுப்போன இருபது லீற்றர் கான்கள் அவை. மேலே மூன்று கைப்பிடி, பக்கத்தில் பெருக்கல் குறி மாதிரி ஒரு பள்ளம், நெம்பித் திறக்கும் மூடி. எங்கள் பக்கத்து வீடுகளில் அவை தண்ணீரும் மண்ணெண்ணெயும் சுமந்தே காலம் கழித்தன. "பழைய இரும்புக்குக் குடுத்தாலும் வீட்டுக்க நடக்க இடம் வரும்" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வார்.

அசல் பழைய கானா என்று வடிவத்தை வைத்துச் சொல்ல முடியாது. பின்னாலும் அதே அச்சில் செய்தார்கள். எங்கள் தெருவில் போகும் ஆமி ட்ரக்குகளிலும் அதே உருவக் கான்தான் தொங்கும். கவிழ்த்து அடியைப் பார்க்க வேண்டும். வெள்ளைக்காரப் படையின் கான் என்றால் ஓர் அம்புக்குறியும் செய்த ஆண்டும் தகரத்திலேயே அழுத்தியிருக்கும். அம்பைப் பின்னால் செய்தவற்றிலும் கண்டிருக்கிறேன்; ஆண்டுதான் சாட்சி.

அன்று ஒரு வட்டை வயலுக்குள் பாதி உழவில் நின்றுபோன ட்ரக்டர் மெசினைத் திருத்தப் போயிருந்தேன். வயல் வாடியின் நிழலில் குடிதண்ணீர்க் கான் ஒன்று இருந்தது. நல்ல நீல நிறம். ஆமிப் பச்சையாக எதை வைத்திருந்தாலும் சந்தேகம் வரும் காலம் என்பதால் வயற்காரர் பெயின்ற் மேல் பெயின்றாக அப்பியிருந்தார். கூலி வேண்டாம், கானைத் தாருங்கள் என்றேன். மனிதர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுத் தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டுக் கொடுத்தார். அடியைப் பெருவிரலால் தடவினேன். அம்பு தட்டுப்பட்டது. அதற்குக் கீழே நான்கு இலக்கங்கள், ஆனால் பெயின்ற் மூடியதில் வாசிக்க முடியவில்லை. சுரண்டிப் பார்க்க மனம் வரவில்லை. இந்தப் பைத்தியம் பிடித்தவன் கானைச் சுரண்ட மாட்டான், ஊறவைத்து மெதுவாகத்தான் உரிப்பான்.

தோணிக்காரர் ஐம்பதைத் தாண்டியவர். முன்பின் அறிமுகம் இல்லை. கானைக் கண்டதும், "இத எதுக்கு மனே காவிக்கொண்டு வாறாய்?" என்றார். தண்ணீர்க் கான்தான் என்றேன். அதை வாங்கித் தன் காலடியில் வைத்து ஒரு சாக்கைப் போட்டு மூடினார்.

கரையில் முதல் வேலையாக ஒரு சிப்பாய் அந்தச் சாக்கைத்தான் இழுத்தான். மூடியை நெம்பி முகர்ந்து பார்த்தான். தண்ணீர் வாடைதான். ஆனாலும் முகம் மாறியது. அதிகாரியைக் கூப்பிட்டான். அந்தப் பக்கத்திலிருந்து வரும் தோணியில் ஆமிக் கான் என்றால் அவர்களுக்கு ஒரே அர்த்தம்தான். முகாமில் களவு போனது, அல்லது எண்ணெய் கடத்தியது. இதைவிடச் சின்னக் காரணங்களுக்கு உள்ளே போனவர்களை எனக்குத் தெரியும். மற்றப் பயணிகள் தலையைக் குனிந்துகொண்டு விலகினார்கள்.

"யார் கான்?" என்று கொஞ்சம் தமிழ் தெரிந்த சிப்பாய் கேட்டான்.

என்ன சொல்வதென்று யோசித்தேன். அதற்குள் தோணிக்காரர் முந்திவிட்டார். "என்ட கான் சேர். தண்ணி அள்ளுற."

இரண்டு பேர் அவருடைய கையைப் பிடித்து மணல் மூட்டைகளுக்குப் பின்னால் கொண்டுபோகத் திரும்பினார்கள். அதைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ உடைந்தது. "இல்ல சேர், அது என்ட கான்" என்று கத்திவிட்டேன். தோணிக்காரர் திரும்பி, "சும்மா இரி மனே" என்று பல்லைக் கடித்தார்.

ஒரு கானுக்கு இரண்டு சொந்தக்காரர். வேறு சமயம் என்றால் சிரித்திருப்பேன். அதிகாரிக்குச் சந்தேகம் இரட்டிப்பானது. எங்களைப் பிரித்து நிறுத்தினார். கானின் அடியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, இதில் என்ன இருக்கிறது என்று தமிழ் தெரிந்த சிப்பாயைத் தனித்தனியே கேட்கச் சொன்னார். தோணிக்காரர் ஒன்றுமில்லை என்றிருக்கிறார். நான் அம்புக்குறியும் ஆண்டும் என்றேன். என்ன ஆண்டு? வெள்ளைக்காரன் காலம், நாற்பதுகளில் ஒன்று என்றேன். அதிகாரி விரலால் தடவிப் பார்த்தார். என் பையிலிருந்த ஸ்க்ரூட்ரைவரை எடுத்து நீட்டி, சுரண்டு என்று சைகை காட்டினார்.

நீலம் உரிந்தது. உள்ளே பச்சை வந்தது. பின்னால் நின்றவன் சிங்களத்தில் ஏதோ சொன்னான். தோளில் தொங்கிய துவக்கு அவன் கைக்கு வந்தது. அம்பு தெரிந்தது. பிறகு ஒன்று. ஒன்பது. கடைசி இலக்கம் மூன்று என்பதும் தெளிவு. அதற்கு முன்னுள்ள இலக்கம் மட்டும் பெயின்ற் கட்டியாகி மொத்தையாக நின்றது. நான்காகவும் இருக்கலாம், ஒன்பதாகவும் இருக்கலாம். 1943 என்றால் தப்பினோம். 1993 என்றால் அது முந்தாநாள் செய்த கான், எங்கள் இரண்டு பேரின் கதையும் அத்தோடு முடிந்தது. விரல் தடவலை நம்பி ஒரு மனிதரைப் பொய்யராக்கிவிட்டேனே. வியர்வையில் ஸ்க்ரூட்ரைவர் வழுக்கித் தகரத்தில் கோடு விழுந்தது.

அதிகாரி அதைப் பிடுங்கிக் குந்தியிருந்து தானே சுரண்டினார். நுனியால் மெல்ல மெல்ல.  பெயின்ற் கட்டி பெயர்ந்து விழுந்தது. உள்ளே வளைவு இல்லை, கூரான மூலை. நான்கு.

அவர் சிங்களத்தில் ஏதோ சொன்னார். சிப்பாய் மொழிபெயர்த்தான்: "சேர்ட அப்பா, இந்தக் கான், ஒரே வயசு." யாரும் சிரிக்கவில்லை.

பிறகு தோணிக்காரரைக் கூப்பிட்டு, ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டார்கள்.  "என்னை இஞ்ச எல்லாருக்கும் தெரியும். நாளாந்தம் காணுற மூஞ்சி. இந்தப் பொடியன ஆருக்குத் தெரியும்? உள்ளுக்குக் கொண்டு போனா ஆர் வந்து கேக்கிற?" என்றார். சிப்பாய் அதை எவ்வளவுக்கு மொழிபெயர்த்தானோ தெரியாது.  அதிகாரி எங்களைப் போகச் சொல்லிக் கையை அசைத்தார். கானை வைத்துக்கொண்டார். நான் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் தோணிக்காரரின் பின்னால் ஓடினேன். நன்றி சொல்ல வாயெடுத்தால் மனிதர் ஏசினார். "நீ பேசாம இருந்திருந்தா ரெண்டு அடியோட முடிஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு, அக்கரைக்குப் போகக் காத்திருந்த ஆட்களை ஏற்றப் போய்விட்டார். இரண்டு மாதம் கழித்து அந்தத் துறைக்குப் போனபோது அங்கே வேறொருவர் தோணி விட்டுக்கொண்டிருந்தார். அவர் எங்கே என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

நானாவது என்னுடைய பொருளைத்தான் என்னுடையது என்றேன். தண்ணீர்க் கான் என்ற என் வார்த்தையைத் தவிர அதைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. முகாமில் களவெடுத்ததா, எண்ணெய் கடத்தியதா என்று ஒரு வார்த்தை கேட்காமல் அதைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். இப்போது எனக்கும் அவருடைய வயது வந்துவிட்டது. முகம் தெரியாத ஒரு பொடியன் அப்படி மாட்டிக்கொண்டு நின்றால் "அது என்ட கான்" என்று என் வாய் முந்துமா என்று அடிக்கடி என்னையே கேட்டுக்கொள்கிறேன். ஓம் என்று சொல்ல இன்றுவரை எனக்குத் துணிவு வரவில்லை.