கமலவேணி அம்மா காரில் ஏறிய காலை

கமலவேணி அம்மா மறைந்த செய்தி, அவர் மகன் கைபேசியில் வைத்திருந்த ஸ்டேட்டஸாகத்தான் எனக்கு வந்தது. மாலையிட்ட படம், கீழே 'எங்கள் தெய்வம்' என்ற வரி. தகனம் சேலத்திலேயே முடிந்திருந்தது. அவர் வாழ்ந்த கிளியூரில் யாருக்கும் சொல்லவில்லை.

அம்மா ஏற்காடு தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவர். மறதி நோய் வந்தபின், அவரோடு தனியே அமர்ந்து படம், பாட்டு, பேச்சு என்று மூளைக்கு வேலை கொடுக்கும் பயிற்சிக்காக அவர் வீட்டுக்குப் போய்வந்தேன். முதல் நாள் நான் பையைத் திறக்கும்போதே, "பரிட்சைங்களா கண்ணு?" என்றார். இல்லை, உங்கள் அபிப்பிராயம் கேட்கத்தான் வந்தேன் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது.

அதன்பின் அபிப்பிராயங்களுக்குக் குறைவே இல்லை. ஒருமுறை செய்தித்தாளில் இருந்த திறப்பு விழாப் படத்தைக் காட்டினேன். "இந்தாளு சிரிப்பு சரியில்லீங்க. போன்ல பேசுனாருன்னா சட்டுனு தெரிஞ்சுரும்" என்றார். பேரன் பெயர் மறந்த நாளிலும் என் குரல் கேட்டதும் கதவருகே வந்துவிடுவார். "உங்க குரல்ல பொய்யில்லீங்க கண்ணு" என்பார்.

அதை மகனும் கவனித்திருக்கிறார். ஒரு காலை என்னை அவசரமாக அழைத்தார். "சேலத்துல ஸ்கேன் எடுக்கோணுங்க மேடம். சாயங்காலம் வந்துருவோம். நாங்க சொன்னா ஏற மாட்டேங்கறாங்க, நீங்க சொல்லுங்க."

சொன்னேன். "அப்படிங்களா" என்று செருப்பை மாட்டிக்கொண்டு காரில் ஏறினார் அம்மா.

சாயங்காலம் அவர் வரவில்லை. அடுத்த வாரம் போனபோது வீட்டு வாசலில் சுற்றுலாப் பயணிகளுக்கு அறை வாடகைக்கு என்ற பலகை தொங்கியது. "அங்கதாங்க அவங்களுக்கு வசதி" என்றார் மகன், என் முகத்தைப் பார்க்காமல். பலகைக்குப் பெயிண்ட் அடித்துக் காயவைத்த பிறகுதான் அன்று காலை என்னை அழைத்திருக்கிறார்.

சேலத்தில் அம்மாவைச் சேர்த்திருந்த முதியோர் இல்லத்தைத் தேடிப் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என் பெயர் அவருக்கு நினைவில்லை. ஆனால் நான் பேசத் தொடங்கியதும் கையை இழுத்துக்கொண்டார்.

"நீங்க சொன்னீங்கன்னுதானுங்க ஏறுனேன்."

என்னையும் ஏமாற்றினார்கள் அம்மா என்றேன். அது அவருக்கு எட்டவில்லை. நான் எழுந்ததும் யாரோ ஒரு வெளியாளிடம் பேசும் மரியாதையோடு சொன்னார்: "ஏனுங்க, ஊட்டுக்குப் போறவங்க கதவைச் சாத்திட்டுப் போங்க."

சாத்தினேன். உங்களை நான் கடைசியாகப் பார்த்தது அதுதான், அம்மா. உங்கள் வாசலில் எரியாத விளக்கை இன்று என் வீட்டில் ஏற்றியிருக்கிறேன். போய் வாருங்கள்.